நைட் ஷிஃப்டும் சர்க்கரையும்

'காலை உணவுக்கு முன் ஒன்று, இரவு உணவுக்குப் பின் ஒன்று.' இப்படி எழுதிய மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு, இரவு பத்து மணிக்கு வேலைக்குப் போகும் தொழிலாளி என்ன செய்வார்? அவர் படுக்கப் போவதே காலையில்தான். அடுத்த வாரம் ஷிஃப்ட் மாறினால் கணக்கும் மாறிவிடும். பெரும்பாலும் யாரையும் கேட்காமல் தோன்றிய நேரத்தில் விழுங்குகிறார், இல்லையென்றால் விட்டுவிடுகிறார்.

ஆலைத் தொழிலாளிக்குச் சர்க்கரை என்றதும் ஆளாளுக்கு அறிவுரை: வாயைக் கட்டு, நட, எடையைக் குறை. தவறில்லை. ஆனால் எத்தனை ஆண்டுகளாக நைட் ஷிஃப்ட் பார்க்கிறீர்கள் என்று கேட்பவர் அரிது. என் கோபமெல்லாம் அங்கேதான்.

இருட்டியதும் உடலில் மெலடோனின் என்ற, தூக்கத்துக்குத் தயார்படுத்தும் ஹார்மோன் சுரக்கிறது. அது இன்சுலின் சுரப்பை மட்டுப்படுத்துகிறது. பகலில் சாப்பிடும் அதே அளவை நள்ளிரவில் சாப்பிட்டால் சர்க்கரை கூடுதலாக ஏற இதுவும் ஒரு காரணம். பகல் தூக்கம் அரைகுறையானால் இன்சுலின் சுரந்தும் சரியாக வேலை செய்வதில்லை. 2,26,652 பேரின் தரவுகளைத் திரட்டி 2015இல் வெளியான ஆய்வின்படி, ஷிஃப்ட் தொழிலாளர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் ஆபத்து 9 சதவீதம் அதிகம்; சுழற்சி ஷிஃப்டில் இருப்பவர்களுக்கு 42 சதவீதம். ஷிஃப்ட் மட்டுமே காரணம் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் அதைக் கணக்கிலேயே சேர்க்காமல் தொழிலாளியின் நாக்கை மட்டும் குற்றம் சொல்வது என்ன நியாயம்?

இரவுப் பணியிலும் சாப்பாட்டைப் பகலோடு நிறுத்திக்கொண்டால் சர்க்கரை ஏறுவதைத் தவிர்க்கலாம் என்று 2021இல் ஒரு சிறிய ஆய்வு காட்டியது. நல்ல செய்திதான். எட்டு மணி நேரம் இயந்திரத்தின் முன் வெறும் வயிற்றோடு நிற்கச் சொல்வதுதான் யார் என்று தெரியவில்லை.

இதைவிடக் கவலை தருவது, நோயை மறைப்பது. தெரிந்தால் இரவுப்படி போகும், சில இடங்களில் வேலையே போகும். இன்சுலின் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளை தள்ளிப்போனதைச் சொல்லாமல் உலைக்குப் பக்கத்தில் நிற்கிறார் ஒருவர். சர்க்கரை தாழ்கிறது, கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. அந்தச் சூட்டில் எல்லோருக்கும்தான் வியர்க்கிறது. யார் கவனிப்பார்கள்?

இரவுப் பணியாளர்களுக்கு இலவச மருத்துவப் பரிசோதனை, உடல் ஒத்துழைக்காதவர்களுக்கு முடிந்தவரை இணையான மாற்றுப் பணி என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1990லேயே உடன்படிக்கை கொண்டுவந்தது. ஏற்ற நாடுகள் சொற்பம். சட்டம் வரும்வரை நிர்வாகங்கள் காத்திருக்கத் தேவையில்லை. ஷிஃப்டைக் காலை, மதியம், இரவு என்ற வரிசையில் மாற்றலாம். பின்னோக்கி மாற்றுவதைவிட அது உடலுக்கு எளிது. ஆண்டுப் பரிசோதனையில், கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனையைச் சேர்க்கலாம். அதற்குச் சாப்பிடாமல் வர வேண்டியதில்லை, எந்த ஷிஃப்ட் முடிந்தும் இரத்தம் கொடுக்கலாம். பகல் பணிக்கு மாற்றப்பட்டவரின் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது. இந்தக் கடைசி உறுதி இல்லாமல் பரிசோதனை முகாம் நடத்தினால், நோயை மறைப்பவர் அன்றைக்கு விடுப்பு போட்டுவிடுவார்.