சுற்றி ஒரு ட்ராக் போட்டால் என்னவாம்?

பெங்களூரில் கால்பந்துக்கென்றே ஒரு ஸ்டேடியம் வேண்டும் என்று நேற்று எழுதினேன். அதற்குக் கீழே ஓர் ஆர்க்கிடெக்ட் தம்பி வரைந்து போட்ட ஸ்டேடியம் படத்தையும் கமெண்டையும் பார்த்திருப்பீர்கள். "கால்பந்துக்கு மட்டும் ஒரு ஸ்டேடியமா? சுத்தி ஒரு ட்ராக் போட்டா எல்லாருக்கும் ஆகும் அங்கிள்." அங்கிள் என்றதைக்கூட மன்னித்துவிட்டேன். ட்ராக்கை முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள் தம்பி. ஆடுகளம் 105 மீட்டர் நீளம். அதைச் சுற்றி எட்டு லேன், 400 மீட்டர் ஓட்டப்பந்தய ட்ராக். கோல் போஸ்டுக்குப் பின்னால் உட்காருகிறவன் கோல் கோட்டிலிருந்து 35 மீட்டருக்கு அப்பால் போய்விடுவான். சுற்றி ட்ராக் உள்ள நம்ம கண்டீரவா ஸ்டேடியத்தில் அந்தப் பக்கம் உட்கார்ந்து, எதிர்ப்பக்கம் கோல் விழுந்ததைப் பக்கத்து ஆளின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டவன் நான்.

அப்பா பெங்களூர் கௌதமபுரத்தில் வளர்ந்தவர். பெலேவுக்குச் சிலை வைத்த பேட்டை அது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் கால்பந்து தங்கம் வென்ற இந்திய அணியில் நம்ம பெங்களூர் அருமைநாயகம் இருந்ததை இன்றும் சொந்த அண்ணன் கதை போலச் சொல்வார். என்னை ட்ராக் இல்லாத அசோக் நகர் கால்பந்து ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போவார். சிமென்ட் படி சுடும். துண்டை மடித்துப் போட்டு உட்காருவோம். ஒருநாள் கோட்டோரம் த்ரோ எடுக்க வந்த ஆட்டக்காரரிடம் அப்பா, "அண்ணே, பின்னாடி ஆளு!" என்று கத்தினார். அவர் திரும்பாமலே "தெரியும்ணே" என்றார். இதுக்குத்தான் தம்பி ஸ்டேடியம்.

உடனே "ஓட்டக்காரர்களுக்கு எதிரியா?" என்று வருவீர்கள். இல்லை. கண்டீரவாவில் கால்பந்தால் பயிற்சி கெடுகிறது என்று அவர்கள் போட்ட சண்டை நியாயமானது. அதனால்தான் சொல்கிறேன், இரண்டையும் ஒரே இடத்தில் போட்டுக் குழப்பாதீர்கள். பாரிஸ் பக்கம் ஒரு ஸ்டேடியத்தில், கால்பந்து நடக்கும்போது கீழ் அடுக்கு இருக்கைகள் ட்ராக்கை மூடிக்கொண்டு முன்னால் நகருமாம். சரி. நம் ஊர் ஸ்டேடியங்களில் கழிப்பறைக் கதவே நகராது.

"கால்பந்து பாக்க யார் வருவா?" என்று இன்னொருவர். ஒருநாள் கண்டீரவாவில் பெங்களூரு எஃப்சி ரசிகர்கள் கூடும் வெஸ்ட் பிளாக்கில் வந்து நில்லுங்கள், அப்புறம் பேசலாம்.

அந்தப் படத்தில் வாசல்களை எண்ணினேன். இரண்டு. 2025 ஜூன் 4 அன்று சின்னசாமி கிரிக்கெட் ஸ்டேடியம் வாசலில் நெரிசலில் 11 பேர் செத்த ஊர் இது. வந்தவர்கள் 8 நிமிடத்துக்குள் வெளியேற வேண்டும் என்று பிரிட்டனில் கணக்கு வைத்துக் கட்டுகிறார்கள். நமக்கோ, படத்தில் கூரையில் ஊதா விளக்கு. ட்ராக்கில் ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டேன், போகட்டும். இந்தப் படம் வரைகிறவர்கள் யாரும் டிக்கெட் வாங்கி உள்ளே போனவர்களாகத் தெரியவில்லை.

ராத்திரி அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். போனை மூக்குக்கிட்ட வைத்து விரலால் பெரிதாக்கினார். ட்ராக்கில் ஒரு வெள்ளைக்காரம்மா நாயோடு நடந்துகொண்டிருந்தாள்.

"நாய் நல்ல எடத்துல நிக்குதுடா. நாம எங்க?"