லோடாஷைத் தூக்கிட்டீங்க, சந்தோஷம். அப்புறம்?

அந்த ஸ்கிரீன்ஷாட்டை எல்லாரும் பார்த்திருப்பீங்க, மறுபடி இங்க போடப் போறதில்ல. புதுசா வேலைக்குச் சேர்ந்த பையனோட கோடு, முதல் வரியிலயே லோடாஷ் இம்போர்ட் (ஜாவாஸ்கிரிப்ட்ல லிஸ்ட், டேட்டா வேலைக்கெல்லாம் ரெடிமேடா ஃபங்ஷன் எழுதி வச்ச லைப்ரரி). மேல "இன்னுமாடா இதெல்லாம்?"னு நக்கல், கீழ சிரிப்பு எமோஜி வரிசை. சிரிச்சவங்கள்ல பாதிப் பேர் என் நட்புப் பட்டியல்லதான் இருக்கீங்க. அதனால இங்கயே சொல்லிடுறேன்.

லோடாஷைத் தூக்கிட்டா அது பார்த்துட்டிருந்த வேலை எங்கயும் போயிடாது. நீங்களே கைப்பட ஃபங்ஷன் எழுதி வைக்கிற உங்க ஹெல்பர்ஸ் ஃபைலுக்குள்ள போய் உட்காரும், டெஸ்ட் இல்லாம.

"அதான் ஜாவாஸ்கிரிப்ட்லயே எல்லாம் வந்துருச்சே!" வந்துருச்சு சார், யாரு இல்லன்னா? எப்ப வந்துச்சுன்னும் பாருங்க. லிஸ்ட்டை மாத்துற மேப், வடிகட்டுற ஃபில்டர், ஒண்ணாச் சுருக்குற ரெடியூஸ் மூணும் 2009-ல இஎஸ்5-ங்கிற ஜாவாஸ்கிரிப்ட் தரத்துல வந்துச்சு. ஆனா இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8-ல கிடையாது. அந்தக் குறையைத் தீர்த்தது அதே வருஷம் ஜெரமி ஆஷ்கெனாஸ் வெளியிட்ட அண்டர்ஸ்கோர்ங்கிற லைப்ரரி. அதுலேருந்து ஜான்-டேவிட் டால்டன் 2012-ல பிரிச்சு வளர்த்தது லோடாஷ். லிஸ்ட்டை வகைவாரியாப் பிரிக்கிற குரூப்பை (groupBy) அப்பவே அதுல இருந்துச்சு. மொழியோட தரத்துக்குள்ள குரூப்பை வந்தது 2024-ல. இத்தனை வருஷம் அதை வச்சுப் பொழப்பு நடத்திட்டு இப்ப "இன்னுமாடா"வாம்.

முன்ன நான் இருந்த ஒரு இடத்துல டெலிவரி ஆப், ரியாக்ட் நேட்டிவ்ல (ஜாவாஸ்கிரிப்ட்லயே மொபைல் ஆப் எழுதுற கருவி) எழுதினது. லீடுக்கு ஒருநாள் ஞானம் பொறந்து லோடாஷைத் தூக்கச் சொன்னார். லிஸ்ட்டை வரிசையா அடுக்குற சார்ட்பை (sortBy) இருந்த இடமெல்லாம் வெறும் சார்ட் (sort) ஆச்சு. லோடாஷோட சார்ட்பை புது லிஸ்ட் தரும், பழசைத் தொடாது. மொழியோட சார்ட், கையில இருக்கிற லிஸ்ட்டையே கலைச்சு அடுக்கும். ஸ்கிரீன்ல விலைவாரியா அடுக்கினதும், பில்லுக்குப் போற லிஸ்ட்டும் அதே லிஸ்ட்தானே, அதுவும் மாறிப்போச்சு. வரிசை எண்ணை வச்சுப் போட்ட தள்ளுபடி வேற பொருள் மேல விழுந்துச்சு. கேன்சல் ஆன ஆர்டர்ல ஐட்டம் லிஸ்டுக்குப் பதிலா 'நல்' (null, ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம்) வரும். லோடாஷ் மேப்புக்கு அதைக் குடுத்தா காலி லிஸ்ட்டைத் திருப்பிக் குடுத்துட்டு சும்மா இருக்கும். சாதா மேப் போட்டா ஆப் படுத்துரும். படுத்துச்சு. ராத்திரி போன் வந்தது லீடுக்கு இல்ல, எங்களுக்கு.

உடனே ஒருத்தர் வருவார், "பழசைத் தொடாம அடுக்குற டோசார்ட்டட் (toSorted) மொழியிலயே இருக்கே, தெரியாதா ப்ரோ?"ன்னு. தெரியும் ப்ரோ. அது 2023-ல வந்தது, இந்தக் கூத்து அதுக்கு முன்ன.

லைப்ரரி சேர்த்தா ஆப் பெருத்துரும்னு சைஸ் பேசுறவங்களுக்கு: முழு லோடாஷும் சுருக்கி ஜிசிப்ல அமுக்கினா 25 கேபி பக்கம்தான் வரும். உங்க ஆப்போட முதல் பேனர் படம் எத்தனை எம்பின்னு பார்த்துட்டு வாங்க.

"செக்யூரிட்டி ஓட்டை?" இது நியாயமான கேள்வி. 2019-ல லோடாஷோட டிஃபால்ட்ஸ்டீப் ஃபங்ஷன்ல புரோட்டோடைப் பொல்யூஷன் ஓட்டை (வெளியிலிருந்து வர்ற டேட்டா, எல்லா ஆப்ஜெக்ட்டுக்கும் பொதுவான அடிப்படையையே மாத்திடுறது) வெளிய வந்துச்சு. சிவிஇ எண் (ஓட்டைகளைப் பதிவு பண்ற பொது எண்) குடுத்தாங்க, 4.17.12 பதிப்புல அடைச்சாங்க, எல்லாருக்கும் எச்சரிக்கை போச்சு. உங்க ஹெல்பர்ஸ் ஃபைல்ல ரெண்டு டேட்டாவை ஆழமா இணைக்கிற டீப்மெர்ஜ்ல அதே ஓட்டை இருந்தா உங்களுக்கு யாரு வந்து சொல்லப்போறா?

இதெல்லாம் கூடப் பரவாயில்ல. "பேசிக்ஸ் தெரியாதவன்தான் லைப்ரரியைப் புடிச்சுத் தொங்குவான்"னு ஒரு கமெண்ட், அதுக்கு அத்தனை லைக். அதுதான் சுருக்குன்னு இருந்துச்சு. நான் பி.காம். கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடம் எடுத்து எந்த வாத்தியாரும் எனக்கு ரெடியூஸ் சொல்லித் தரல. சொல்லிக் குடுத்தது அண்டர்ஸ்கோரோட டாக்குமெண்டேஷன் பக்கம். ஒரே நீளப் பக்கம். ஃபங்ஷன் பேரு, ரெண்டு வரி விளக்கம், ஒரு உதாரணம், அம்புக்குறி போட்டு விடை. அந்த ரெண்டு வரி இங்கிலீஷ் எனக்கு அரைகுறையாத்தான் புரியும். அம்புக்குறிக்கு இந்தப் பக்கம் என்ன போச்சு, அந்தப் பக்கம் என்ன வந்துச்சுன்னு பார்த்தா போதும். இருக்கிற டேட்டாவைத் தொடாம புதுசா ஒண்ணு உண்டாக்கணுங்கிற எண்ணமே அங்கதான் எனக்கு வந்துச்சு. அதையேதான் நீங்க கழுத்துல ஐடி கார்டு மாட்டிட்டு ஃபங்ஷனல் புரோகிராமிங்னு மேடையில பேசுறீங்க. நாங்க சுத்துவழியில வந்தோம், அவ்வளவுதான். வந்துட்டோம்ல?

அந்தப் பையன் கோடு ஓடுதா இல்லையா? ஓடுது. ரிவ்யூல "தம்பி, இங்க சாதா மேப்பே போதும்"னு ஒரு வரி எழுதியிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பான். பேரைப் பாதி மட்டும் அழிச்சு ஸ்கிரீன்ஷாட் போட்டா, அவன் டீமுக்கு மீதிப் பேரு தெரியாதா? நாளைக்கு அவன் எந்த டவுட்டை யார்கிட்ட கேப்பான்?

வேகம் அளந்த பெஞ்ச்மார்க் தூக்கிட்டு கமெண்டுக்கு வர்றவங்க, முதல்ல உங்க ஹெல்பர்ஸ்ல டேட்டாவை உள்ளுக்குள்ள வரைக்கும் நகல் எடுக்கிற டீப்குளோன் எப்படி எழுதியிருக்குன்னு ஒட்டுங்க. ஜேசான்ங்கிற எழுத்து வடிவமா மாத்தித் திரும்ப மாத்துற அந்த ஒத்தை வரிதான்னா, உள்ள இருந்த தேதியெல்லாம் எழுத்தாகிப் போயிருக்கும். அதைச் சரி பண்ணிட்டு வாங்க, பேசுவோம்.