மம்மிக்கு டிக்கெட் போட்டவர்கள்

விக்டோரியா காலத்துப் பணக்காரர்கள் வீட்டு விருந்தில் கேக் வெட்டுகிற மாதிரி எகிப்திய மம்மியை (துணி சுற்றிப் பதப்படுத்திய பழங்காலப் பிணத்தை) பிரித்து விளையாடினார்கள் என்று ஒரு பதிவு சுற்றிக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலும் மிகை. நடந்ததெல்லாம் அதிகமாக மருத்துவ நிறுவனங்களிலும் சொற்பொழிவு அரங்குகளிலும்தான். எனக்கு அதுதான் இன்னும் உறுத்துகிறது. போதையில் போட்ட கூத்து என்று தள்ளிவிட முடியாதே!

இதில் கில்லாடி தாமஸ் பெட்டிகுரூ என்ற லண்டன் அறுவை மருத்துவர். 'மம்மி பெட்டிகுரூ' என்றே பேர். 1834 ஜனவரியில் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸில் அவர் ஒரு மம்மியைப் பிரித்த அன்று, கூட்டம் தாங்காமல் கேன்டர்பரி பேராயரையே வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். (விக்டோரியா பட்டத்துக்கு வர இன்னும் 3 வருஷம் இருந்தது, மோகம் அவருக்கு முந்தியது.) துணியை அடுக்கடுக்காக உரிப்பார். பிசின் ஊறி இறுகிப்போயிருந்தால் உளியும் சுத்தியலும் வெளியே வரும். சவப்பெட்டியில் எழுதியிருக்கும் பேரையும் வாசிக்கப் பார்ப்பார்கள். பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் 1822-லேயே எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்க வழி திறந்துவிட்டிருந்தார். பேர் தெரிந்த பிறகும் உளி நிற்கவில்லை.

"அறிவியலுக்காகத்தானே" என்பார்கள். பாதி சரி. பெட்டிகுரூ அதே 1834-இல் மம்மிகளைப் பற்றி எழுதிய புத்தகம் உருப்படியானதுதான். ஆனால் 1890-இல் பூனை மம்மிகளை டன் கணக்கில் லிவர்பூலுக்குக் கப்பலேற்றி, ஏலம் விட்டு, வயலுக்கு எருவாக்கினார்களே, அதில் எந்த அறிவியல்?

மம்மியை அரைத்து 'மம்மி பிரவுன்' என்று ஓவிய வண்ணமும் விற்றார்கள். அது எதிலிருந்து வருகிறது என்று 1881-இல் தெரிந்ததும், ஓவியர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் தன்னிடமிருந்த ட்யூபை எடுத்துப்போய்த் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தார். இந்த மொத்தக் கதையிலும் எனக்குப் பிடித்த ஒரே ஆள் அவர்தான்.

பிடிக்காத ஆள், 10-ஆவது ஹாமில்டன் பிரபு அலெக்சாண்டர். 1852-இல் அவர் இறந்ததும், அவர் விருப்பப்படி பெட்டிகுரூவே வந்து உடலை எகிப்திய முறையில் பதப்படுத்தினார். கிடத்தியது எகிப்திலிருந்து வந்த கல்பெட்டியில். அதுவும் வேறு யாருக்காகவோ செதுக்கியது! ஊரார் பிணத்தைப் பிரித்த அதே கை, பிரபுவின் பிணத்தைப் பத்திரப்படுத்தியது. ஊருக்கு ஒரு நியாயம், பிரபுவுக்கு ஒரு நியாயம். 1921-இல் அவருடைய கல்லறை மாடம் மண்ணில் இறங்கத் தொடங்கியதால், அவரை ஊர் இடுகாட்டுக்கு மாற்றினார்கள். அப்போதும் டிக்கெட் போட்டு யாரும் அவரைப் பிரித்துக் காட்டவில்லை.