ஓட்டை இல்லாத மீன்

அக்கா மகனுக்குப் பதினாறு வயது. போன சித்திரையில் ஊருக்குப் போயிருந்தேன். தோளில் இருந்து பையைக்கூட இறக்கவில்லை, போனை நீட்டிவிட்டான். "மாமா, இதப் பாருங்க."

ஒரு ரீல்ஸ். எந்த நாட்டுத் தீவோ தெரியவில்லை. ராத்திரிக் கடல், தலையில் விளக்கு, முதுகில் காற்று உருளை, கையில் ரப்பர் வைத்த ஈட்டித் துப்பாக்கி. அடுத்த காட்சியில் படகுத் தளத்தில் கிளிமீன் குவியல். நாற்பது ஐம்பது கிடக்கும். கூடவே காதைக் கிழிக்கும் ஒரு பாட்டு.

"எனக்கும் ஒரு துப்பாக்கி வாங்கித் தாங்க மாமா. ஆன்லைன்ல கிடைக்குது."

அடுப்படியில் இருந்து அக்கா குரல் வந்தது: "தம்பி, அவன் பன்னெண்டாவது போகப் போறான். வந்த அன்னைக்கே அவனக் கெடுத்து விட்றாத."

இதைப் பற்றி ஒரு குழுவில் சும்மா இரண்டு வரி போட்டேன். பாதிப் பேர் 'பையனைப் படிக்க விடு' என்றார்கள். மீதிப் பேர் 'ஆகா, கடலோடு பிறந்த வாழ்க்கை, எங்களுக்கு வாய்க்கவில்லையே' என்று உருகினார்கள். இரண்டு கூட்டத்தோடும் எனக்கு ஒத்துவரவில்லை. அங்கே சொல்ல முடியாததை இங்கே கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

பாம்பன் தீவுக்காரனுக்குக் கடல் ஒன்றில்லை, இரண்டு. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வரைபடத்தில்தான் அந்தப் பெயர். எங்களுக்கு வடகடல், தென்கடல். ஐப்பசிக்கு மேல் வாடைக்காற்று பிடித்தால் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் குளம் மாதிரிக் கிடக்கும். வைகாசி தாண்டிக் கச்சானும் சோழகமும் கிளம்பினால் அப்படியே தலைகீழ். பத்து வயதிலேயே காலையில் வாசலுக்கு வந்து காற்றைப் பார்த்து, இன்றைக்கு எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவோம். பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் என்பதுதான் சில நாள் மறந்துபோகும்.

விடிவதற்கு முன் நண்டு வலையில் நண்டு கழற்ற வேண்டும். அவசரப்பட்டால் விரல் போகும். கரைவலை இழுத்தால் பெரியவர்களுக்குப் போக நமக்கும் ஒரு சின்னப் பங்கு கிடைக்கும். அந்தி சாய்ந்தால் பாலத்தடியில் கணவாய்த் தூண்டில். பள்ளியில் பக்கத்து பெஞ்சுக்காரன் மூக்கைப் பிடிப்பான், அவனும் மீனவன் மகன்தான். இதெல்லாம் வேலை. மண்டா மட்டும்தான் எங்களுக்கு விளையாட்டு.

தெரியாதவர்களுக்கு: மண்டா என்றால் மீன் குத்தும் ஈட்டி. கடையில் வாங்கியதில்லை. குடைக்கம்பியைத் தீட்டி, கம்பில் சேர்த்துக் கட்டி, சைக்கிள் டியூப்பை அறுத்து ரப்பர் போட்டு நாங்களே செய்வோம். என் மாமா சங்கு குளிக்கப் போனவர், அவருடைய பழைய முகக்கண்ணாடி எனக்கு வந்தது. விளிம்பில் தண்ணீர் கசியும், நெற்றியில் வட்டமாகத் தழும்பு விழும். சங்கு குளிப்பவர்கள் காலில் அலுமினியத் தகடு கட்டிக்கொள்வார்கள், அதுதான் அவர்களுக்குத் துடுப்பு. எங்களுக்கு அதுவும் கிடையாது, வெறுங்கால்தான்.

சித்திரை, வைகாசிதான் எங்கள் காலம். மீன்பிடித் தடை வந்து விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும். அப்போது 45 நாள், இப்போது 61. பள்ளியும் விடுமுறை. வடகடல் தெளிந்திருக்கும் நாளாகப் பார்த்து மாமா எங்களைக் கரைப்பாருக்குக் கூட்டிப் போவார். பார் என்றால் கடலுக்கடியில் இருக்கும் பாறைத்தரை, பவளம் வளர்ந்த இடம். இரண்டு பாகம், மூன்று பாகம் ஆழம்; ஒரு பாகம் என்றால் ஆறு அடி. கண்ணாடியோடு தலையை உள்ளே விட்டதும் மேலே இருந்த ஊர், வெயில், சத்தம் எல்லாம் அறுந்துவிடும். சின்னதாக ஒரு நறநறப்பு மட்டும் கேட்கும். கிளிமீன் பாறையைக் கொறிக்கிற சத்தம் அது.

நான் முதலில் குத்தியது ஓரா. உள்ளங்கை அகலம். ஈட்டியில் துடித்ததைப் பதற்றத்தில் வெறுங்கையால் பிடித்துவிட்டேன். ஓரா முள்ளில் விஷம். கட்டை விரலில் ஏறிய வலி முழங்கை வரைக்கும் வந்தது. பதிமூன்று வயதுப் பையன், கூட்டாளிகள் முன்னால் அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டே கரைக்கு வந்தேன். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வெந்நீர் வைத்து, தாங்குகிற சூட்டில் கையை அமுக்கி வைத்தார். அரை மணி நேரத்தில் வலி இறங்கியது. அந்த விஷம் சூட்டில் சிதைந்துவிடும் என்பதைப் பின்னால்தான் படித்தேன், அம்மாவுக்கு அது முன்பே தெரியும். அதற்குப் பிறகு மீனைத் திருப்பிப் பார்த்து, வயிற்றுப் பக்கம் இருந்த ஈட்டி ஓட்டையில் விரலை வைத்து, "நடு முதுகுல குத்தக் கூடாதா? குடலக் கிழிச்சு வச்சிருக்க" என்றார். ஓட்டை விழுந்த மீனுக்கு வியாபாரி விலை வைக்க மாட்டார். ஆக நாங்கள் குத்தியதெல்லாம் வீட்டுக் குழம்புக்குத்தான். எத்தனை கொண்டுவந்தாலும் அம்மா முதலில் தேடுவது அந்த ஓட்டையைத்தான்.

இதுவரைக்கும் உருகுகிற கூட்டத்துக்குப் பிடித்திருக்கும். இனிமேல் வருவது பிடிக்காது.

சித்தப்பா மகன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். அடியில் கிடக்கும் கல்லை எடுத்து வருவது யார், எவ்வளவு நேரம் தம் பிடிப்பது யார் என்று எங்களுக்குள் போட்டி. அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். குதிக்கும் முன் வேக வேகமாக இருபது முப்பது மூச்சு இழுத்து விட்டால் கூடுதல் நேரம் உள்ளே இருக்க முடிகிறது. உண்மைதான், இருக்க முடியும். நம்மை 'மேலே போ' என்று விரட்டுவது உடம்பில் சேரும் கரியமில வாயு. வேகமாக மூச்சு விட்டால் அது குறைந்துபோகும், மூச்சுத் தவிப்பே வராது. உள்ளே பிராணவாயு மட்டும் சத்தமில்லாமல் தீர்ந்துகொண்டிருக்கும். மேலே ஏறும்போது நீரின் அழுத்தமும் குறைவதால், தலை வெளியே வரப் போகிற கடைசி நொடியில்தான் மயக்கம் வரும். இதெல்லாம் இப்போது தெரியும். அன்றைக்கு நான் பார்த்தது இவ்வளவுதான்: கல்லோடு மேலே வந்துகொண்டிருந்தான், ஓர் ஆள் உயரம்தான் பாக்கி. கையில் இருந்து கல் நழுவியது. வாயில் இருந்து குமிழி வந்தது. கண் திறந்தே இருந்தது. அப்புறம் மெல்ல, படுத்தாற்போல, கீழே இறங்கினான்.

மாமா பாய்ந்து தலைமுடியைப் பிடித்து இழுத்து வள்ளத்தில் போட்டார். கன்னத்தில் இரண்டு அறை. இருமிக்கொண்டு எழுந்தவன் கேட்டான்: "யாருடா ஜெயிச்சா?"

நாங்கள் சிரித்தோம். மாமா சிரிக்கவில்லை. அன்றில் இருந்து ஒருவன் உள்ளே போனால் மற்றவன் மேலே படுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அவன் வந்து நன்றாக மூச்சு விட்ட பிறகுதான் அடுத்தவன் போகலாம் என்று சட்டம் போட்டார். அந்த ரீல்ஸில் எங்கேயாவது அப்படி ஓர் ஆளைக் காட்டினார்களா?

அடுத்தது அதைவிடச் சொல்லக் கூச்சமானது. எனக்குப் பதினேழு வயது. மாமா இல்லாத ஒரு ராத்திரி. டார்ச்சை இரண்டு பாலித்தீன் பைக்குள் போட்டு ரப்பர் பேண்டால் இறுக்கிக்கொண்டு மூன்று பேர் பாருக்குப் போனோம். பகலில் கிளிமீன் கிட்டவே விடாது. ராத்திரி பாறை இடுக்கில் படுத்துத் தூங்கும். சில வகைக் கிளிமீன் வாயில் இருந்து கோழை மாதிரி ஒன்றைக் கக்கி உடம்பைச் சுற்றி ஒரு பை கட்டிக்கொள்ளும், ராத்திரியில் கடிக்க வரும் ஒட்டுண்ணிக்குக் கொசுவலை மாதிரி. டார்ச் வெளிச்சத்தில் அந்தப் பை கண்ணாடித் தாள் போல மினுங்கியது. உள்ளே பச்சையும் நீலமுமாக மீன், செவுள் மட்டும் அசைகிறது. ஒரு முழம் தள்ளி நின்று குத்தினேன். குறி பார்க்க வேண்டிய வேலையே இல்லை. அன்றைக்குப் பதினேழு மீன். வீட்டுக்கு வேண்டியது நான்கு. மீதியைப் பாதி விலைக்குக் கேட்டுப் பார்த்து, கடைசியில் அக்கம்பக்கத்தில் கொடுத்தோம்.

கெட்ட வேலை செய்கிறோம் என்று அப்போது தோன்றவே இல்லை. பெருமையாக இருந்தது. அடுத்த வாரம் மறுபடியும் போனோம், ஏழுதான் கிடைத்தது. அதற்கு அடுத்த முறை இரண்டு.

'விசைப்படகு அடியோடு அரித்துக்கொண்டு போகிறது, அதைக் கேட்காமல் பையன் கையில் இருக்கும் கம்பியைப் பிடிக்கிறாயே' என்று அந்தக் குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. எடை போட்டால் விசைப்படகு இழுத்துப் போகும் வலையான இழுவைமடியின் ஓர் இழுப்புக்கு எங்கள் கோடை முழுவதும் ஈடாகாது. ஆனால் மடி பாரின் மேல் வராது. வந்தால் கிழியும். படகுக்காரருக்கு வலை நட்டம். பார் மீனுக்கு அந்தக் கரடுமுரடுதான் கோட்டை. அந்தக் கோட்டைக்குள் நுழைந்து, இடுக்கு இடுக்காகத் தேடி, பெரிய மீனாகப் பார்த்து எடுக்க ஒருவனால்தான் முடியும். ஈட்டி வைத்திருப்பவன். அதனால்தான் அவனைக் கேட்கிறேன்.

அதுவும் எந்த மீன்? போட்டோவுக்கு எல்லாரும் தூக்கிப் பிடிப்பது பெரிய களவா. களவா பிறக்கும்போது பெண், வளர்ந்த பிறகு சிலது ஆணாக மாறும். பாரிலேயே பெரியதாகப் பார்த்துப் பார்த்துக் குத்தினால் எடுபடுவது பெரும்பாலும் ஆண். மிச்சம் இருப்பதை வைத்து அந்தப் பார் எப்படிக் குடும்பம் நடத்தும்? கிளிமீன் கதை வேறு. அது பாறையில் படரும் பாசியைச் சுரண்டித் தின்னும், கூடவே கொறித்த பவளத்தை மணலாக வெளியே விடும். 2010இலும் 2016இலும் கடல் சூடேறி எங்கள் பக்கத்துப் பவளமெல்லாம் எலும்பு மாதிரி வெளுத்தது. செத்த பவளத்தைப் பாசி மூடாமல் துடைத்து வைத்தால்தான் புதுப் பவளம் ஒட்டும். அந்தத் துப்புரவு வேலைக்காரனைத்தான் நாங்கள் தூக்கத்தில் குத்தினோம்.

அதற்காக ஈட்டியையே தடை செய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பசிபிக் கடல் தீவுகளான அமெரிக்க சமோவாவில் 2001லும், குவாமில் 2020லும் ஒரு காரியம் செய்தார்கள். காற்று உருளை கட்டிக்கொண்டு ஈட்டியால் மீன் குத்துவதைத் தடை செய்தார்கள். சொந்த மூச்சில் முங்கிக் குத்துபவனைத் தொடவில்லை. எனக்கு அது சரியாகப் படுகிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் உள்ளே நிற்க முடியாதவன் எத்தனை மீன் எடுத்துவிடுவான்? ராத்திரி டார்ச்சையும் அதோடு சேர்த்து நிறுத்தினால் கணக்கு இன்னும் நேராகும். நம் பக்கம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 1986லேயே தேசியப் பூங்கா. அங்கே யாரும் எதையும் பிடிக்கக்கூடாது. 2001இல் கடல் அட்டை, கடல்குதிரை, பவளம் எல்லாம் வனவிலங்குச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. இந்த எல்லை எங்கே தொடங்குகிறது என்பதைப் பையன்களுக்கு யாரும் தண்ணீரில் வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை, பிடிபட்ட பிறகுதான் சொல்கிறார்கள். அது தனிக் கதை.

படிக்க விடு என்பவர்களுக்கும் ஒன்று. எங்கள் ஊர்ப் பிள்ளை என்றாலே எல்லாரும் கலாமைத்தான் காட்டுவார்கள். சரி. அவருடைய அப்பா படகு வைத்து ராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் யாத்திரிகர்களை ஏற்றிப்போனவர் என்பதையும் சேர்த்துச் சொல்லலாமே. தாய்லாந்து, மியான்மர் கரைத் தீவுகளில் வாழும் மோக்கன் என்னும் கடலோடி மக்களின் பிள்ளைகள் கண்ணாடி இல்லாமலே தண்ணீருக்கடியில் ஐரோப்பியப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்கு தெளிவாகப் பார்க்கிறார்கள் என்று சுவீடன் ஆய்வாளர் அன்னா கிஸ்லேன் 2003இல் எழுதினார். கண்மணியைச் சுருக்கப் பழகியிருக்கிறார்கள். பின்னால் சுவீடன் பிள்ளைகளுக்கே பயிற்சி கொடுத்துப் பார்த்தார், அவர்களுக்கும் வந்துவிட்டது. பதினாறு வயதில் என் மருமகனுக்கு விலங்கியல் புத்தகத்தில் இருக்கும் மீன் தெரிகிறது, வாசலில் இருக்கும் கடல் தெரியவில்லை. ஓராவின் முள் எது என்று கேட்டால் கூகுளைத் திறக்கிறான்.

ஆக, துப்பாக்கி வாங்கித் தரவில்லை. மண்டா செய்யக் கற்றுக்கொடுத்தேன். பகலில் மட்டும், ஒருவன் மேலே இருக்க ஒருவன் கீழே, கிளிமீன் கூடாது, பெரிய களவா கூடாது, குழம்புக்கு எத்தனை என்று கிளம்பும் முன்பே அம்மாவிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வேகமூச்சு எடுத்தால் அன்றோடு சரி. எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். ரீல்ஸ் போடலாமா என்று மட்டும் கேட்டான்.

மூன்று நாள் போனோம். தண்ணீருக்குள் அவன் காலை உதைக்கிற சத்தத்துக்கே பார் காலியாகிவிடும். இரண்டாம் நாள் ஒரு ஓரா அவன் மூக்குக்கு நேரே நின்றது, ஈட்டி பாறையில் பட்டு முனை வளைந்தது. மூன்றாம் நாள் அதுவும் இல்லை. வெறுங்கையோடு போக அவனுக்கு மானப் பிரச்சினை. கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவரிடம் ஒரு கிலோ காரல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

"நாந்தாம்மா குத்துனேன்."

அக்கா பையைத் தாம்பாளத்தில் கவிழ்த்தாள். விரல் நீளத்தில் வெள்ளி வெள்ளியாக நூறு காரலாவது இருக்கும். ஒன்றை எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"ஓட்டை எங்கடா?"