புள்ள கழுத்துல நெறி கட்டுனா ப்ளட் கேன்சரா? அந்த ஆடியோவ நம்பாதீங்க

"குழந்தை கழுத்துல பட்டாணி சைஸ்ல கட்டி தட்டுப்பட்டா அது ப்ளட் கேன்சர்"னு ஒரு வாட்ஸ்அப் ஆடியோ ஃபேமிலி குரூப் குரூப்பா சுத்துது. தப்புங்க. அது பெரும்பாலும் நெறி, அதாவது நிணநீர் முடிச்சு. சளி, தொண்டை வலி, சொத்தைப் பல்லு, தலையில பேன் கடிச்ச புண்ணு, எது வந்தாலும் பக்கத்துல இருக்குற நெறி வீங்கும், கிருமியோட மல்லுக்கட்டுறதுதான் அதோட வேலையே, சளி போன பின்னாடியும் சில வாரம் அப்படியே நிக்கும். நல்லா ஓடியாடுற புள்ளைக்கே 1 செ.மீ.க்குள்ள தட்டுப்படுறது ரொம்ப சாதாரணம்.

எப்ப டாக்டர்கிட்ட போகணும்? 2 செ.மீ. தாண்டுனா, கெட்டியா வலியில்லாம வளந்துகிட்டே போனா, 4-6 வாரத்துல குறையலைன்னா. காறை எலும்புக்கு (கழுத்துக்குக் கீழ தோள் வரைக்கும் போற எலும்பு) மேல வந்தா மட்டும் சைஸெல்லாம் பாக்காம உடனே காட்டுங்க. கூடவே விடாத காய்ச்சல், எடை குறையுறது, நைட்டு சட்டை நனையுற வேர்வை, முகம் வெளிறுறது, அடிபடாமலே ரத்தக்கட்டு, இதுல எது இருந்தாலும் தள்ளிப்போடாதீங்க.

பயம் வர்றது இயல்புதான், பெத்த மனசு அப்படி. ஆனா புள்ள தூங்குறப்ப செல்போன் டார்ச் அடிச்சு அடிச்சு அமுக்கிப் பாக்குறத விடுங்க, அமுக்க அமுக்க அந்த இடம் வலிக்கத்தான் செய்யும். வாரம் ஒரு தடவ அளந்து தேதி போட்டு எழுதுங்க, டாக்டருக்கும் அதுதான் உதவும். முக்கியமா, சீட்டு இல்லாம மெடிக்கல்ல ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிக் குடுக்காதீங்க, ஒருவேளை நெசமாவே கேன்சரா இருந்தா கொஞ்ச நாளைக்கு அமுங்கி டெஸ்ட்டையே குழப்பிடும்.