மரை கழன்ற கதை

சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு நட்டு போல்ட் கடை. சுவர் முழுக்கப் பழைய டப்பாக்கள். ஒவ்வொரு டப்பாவின் வாயிலும் ஒரு போல்ட்டைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். லேபிள் அதுதான். வந்தவர் கையில் மஞ்சள் பை. அது கீழே இழுக்கிற இழுப்பைப் பார்த்ததுமே உள்ளே இருப்பது மாம்பழம் இல்லை என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டது.

கடைக்காரர்: டைனமோவா?

வந்தவர்: எப்படிங்கண்ணா கண்டுபிடித்தீர்கள்?

கடைக்காரர்: சட்டையில் கிரீஸ், முகத்தில் கவலை. என்ன வண்டி?

வந்தவர்: மாருதி 800. பழைய சாமான் கடையில் 1,200 ரூபாய்க்கு இந்த டைனமோவை வாங்கினேன். போல்ட் மட்டும் இல்லை. "போல்ட்தானே சார், எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும்" என்றான்.

கடைக்காரர்: சரி, என்ன சைஸ்?

வந்தவர்: 14.

கடைக்காரர்: ஸ்பேனர் 14 ஆ, போல்ட் 14 ஆ?

வந்தவர்: இரண்டும் வேறயா?

கடைக்காரர் (பெருமூச்சு விட்டு): தலைக்கு 14 ஸ்பேனர் என்றால் தண்டு 10 மில்லிமீட்டர். அது ஜப்பான் வழக்கம். நம்மூர்க் கடையில் கிடைக்கிற 10 போல்ட்டுக்கு 17 ஸ்பேனர் வேண்டும்.

வந்தவர்: ஸ்பேனர் வாங்கிக்கொள்கிறேன். போல்ட்டைக் கொடுங்கள்.

கடைக்காரர்: மரையும் வேறு. நம்மூர் 10 போல்ட்டில் மரைக்கு மரை 1.5 மில்லிமீட்டர். உங்கள் வண்டிக்கு வேண்டியது 1.25, நெருக்க மரை. 1.5ஐப் போட்டால் கையால் இரண்டு சுற்று போகும், அப்புறம் முரண்டு பிடிக்கும்.

வந்தவர்: ஸ்பேனரில் ஏறி ஒரு மிதி மிதித்தால்?

கடைக்காரர்: பிராக்கெட் அலுமினியமாக இருந்தால் மரை சுருள் சுருளாகக் கையில் வந்துவிடும். வண்டிக்கும் மரை கழன்றுவிடும்.

வந்தவர்: "க்கும்" என்றால்? வேறு யாருக்கு?

கடைக்காரர்: டீ சாப்பிடுகிறீர்களா?

வந்தவர்: வேண்டாங்க. இரும்பாலையே இருக்கிற ஊர் இது. ஒரு போல்ட் இல்லையா?

கடைக்காரர்: அங்கே உருட்டுவது எவர்சில்வர் தகடு. காசு அடிக்க வில்லை கூட வெட்டினார்கள். உங்கள் டைனமோவுக்கு போல்ட் வெட்ட மறந்துவிட்டார்கள்.

வந்தவர்: நாளைக்குக் குடும்பத்தோடு ஏற்காடு போக வேண்டும். இன்றைக்குக் கட்டுக்கம்பி போட்டு இறுக்கிவிட்டு…

கடைக்காரர்: போங்கள். 20 கொண்டை ஊசி வளைவு. மூன்றாவதில் டைனமோ ஆடும், நாலாவதில் பெல்ட் கத்தும், ஐந்தாவதில் கழன்று விழும். வாட்டர் பம்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான். ஆறாவதில் என்ஜின் கொதிக்கும், நீங்கள் ரேடியேட்டர் பக்கத்தில் விசிறிக்கொண்டு நிற்பீர்கள். குரங்கு வந்து தட்டு வடை செட்டைத் தூக்கிக்கொண்டு போகும்.

வந்தவர்: சட்னியோடவா?

கடைக்காரர்: அது கிடக்கட்டும். பழைய டைனமோவைக் கழற்றினீர்களே, அந்த போல்ட் எங்கே?

வந்தவர்: தொலைந்துவிடக் கூடாது என்று அந்த டைனமோவிலேயே பத்திரமாக மாட்டி வைத்தேன். அடையாளத்துக்கு வீட்டுக்காரம்மாவின் நெயில் பாலிஷ் கூட வைத்தேன். அதற்கு ஒரு சண்டை.

கடைக்காரர்: சரி, அந்த டைனமோ எங்கே?

வந்தவர்: அதுவா… அதே கடையில் எக்ஸ்சேஞ்சில் போட்டு 300 ரூபாய் கழித்துக்கொண்டேன்.

(கடைக்காரர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெயின்ட் வாளியை இழுக்கிறார். உள்ளே பழைய போல்ட்டுகள். எண்ணெயில் கையை விட்டுத் துழாவுகிறார்.)

கடைக்காரர்: ஜப்பான் மரை புதிதாகக் கேட்டால் இரண்டு நாள் ஆகும். பழையது என்றால் இதில் இருக்கும். பழைய சாமான் கடைக்காரப் பையன் காலையில்தான் ஒரு கிலோ கொட்டிவிட்டுப் போனான்… இந்தாங்க. 1.25, நீளமும் சரி. தலையில் மட்டும் ஏதோ ரோஸ் கலர்.

வந்தவர்: அண்ணா! இது என் போல்ட்!

கடைக்காரர்: ஆமாம், இனிமேல் உங்களுடையதுதான். 40 ரூபாய்.

வந்தவர்: என் போல்ட்டுக்கே 40 ரூபாயா?

கடைக்காரர்: ஸ்பிரிங் வாஷர் சேர்த்துத்தான் சொன்னேன். நெயில் பாலிஷுக்கு நான் எதுவும் போடவில்லை.