பால்மா வாங்கப் போனா

மட்டக்களப்பு டவுனுக்குள்ள ஏசி போட்ட கடைக்குப் பால்மா வாங்கப் போறதெண்டா, கடை முழுக்கச் சுத்தித்தான் வரணும். அது எப்பவும் கடைசி மூலையிலதான். கண்ணுக்கு நேரே விலை கூடின சாமான். மலிவானதை எடுக்கக் குந்தணும். முழங்கால் நோவுக்காரர் என்ன செய்யிற? 990 எண்டு போட்டா ஆயிரமெண்டு யாருக்கும் படுறல்ல. காசு கட்டுற இடத்தில, சின்னப் பிள்ளைக்குக் கையெட்டுற உயரத்தில டொபி! மறுகா அழுகை, அடம், வாங்கிக் குடுத்துத்தான் வெளிய வாற.

மனிசர் கணக்குப் பாத்து முடிவெடுக்கிறல்ல எண்டு ஆராய்ஞ்ச ரிச்சர்ட் தேலருக்கு 2017ல பொருளாதார நோபல் பரிசு. இவங்க அதைப் படிச்சிட்டுத்தான் தட்டு அடுக்கிறாங்களோ தெரியா.

சந்தையில கத்தரிக்காய் விக்கிற அக்காவும் "இண்டைக்குப் பறிச்சது மகன்" எண்டு தலையில கட்டத்தான் பாப்பா. ஆனா அவவோட பேரம் பேசலாம். இந்தத் தட்டோட என்னத்தைப் பேசுற?